பழைய கார் வாங்கி நீங்களே பழுதுபார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளில் மாட்டாதீர்கள்

“மூணு லட்சத்துக்குள்ள ஒரு ஃபேமிலி வண்டி வேணும், சின்னச் சின்ன வேலையெல்லாம் நானே பாத்துக்குவேன்” என்று சொல்லிப் பாருங்கள். புரோக்கர் முகம் மலர்ந்துவிடும். வேறு யாரும் சீண்டாத வண்டிகளை எல்லாம் “கொஞ்சம் வேலை இருக்கு, அவ்ளோதான்” என்று சொல்லி வரிசையாகக் காட்டுவார். அந்தக் ‘கொஞ்சம் வேலை’ என்ன வேலை என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தை எடுப்பதுதான் முதல் தவறு.

பிரேக் பேட் தேய்ந்திருப்பதும் வேலைதான், சேஸி வளைந்திருப்பதும் வேலைதான். தேய்ந்துபோன வண்டியை வாங்கலாம். பிரேக் பேட், லிங்க் ராட், லோயர் ஆர்ம், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. வீட்டு வாசலில், ஓரளவு நல்ல சாக்கெட் செட் இருந்தால் முடியும். ஆனால் அடிபட்ட வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி, அடித்தளத்தில் துருப்பிடித்த வண்டி, பேப்பர் சரியில்லாத வண்டி ஆகிய நான்கையும் எந்த ஸ்பேனரும் சரிசெய்யாது. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் ‘பெரிய’ வண்டி

வேகன் ஆர் விலைக்கு, அதைவிட ஒரு படி மேலான செடான் ஒன்று கிடைக்கும்போது கை பரபரக்கத்தான் செய்யும். ஏன் அந்த விலைக்கு வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஷெவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் கடையில் கொடுத்துப் பழுது பார்ப்பவருக்கு ஸ்பேர்ஸ் தாமதமானால் அது மெக்கானிக்கின் தலைவலி. நீங்களே பார்த்தால் அது உங்கள் தலைவலி, வண்டியும் உங்கள் வாசலில் ஜாக்கி மேல் நிற்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சென்னை என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், இல்லாவிட்டால் உங்கள் ஊரிலேயே, இரண்டு ஸ்பேர்ஸ் கடைகளில் அந்த மாடலைச் சொல்லி ஐந்து பொருட்களுக்கு விலை கேளுங்கள்: கிளட்ச் செட், ரேடியேட்டர், ஹெட்லைட், லோயர் ஆர்ம், வீல் பேரிங். மூன்றுக்கு “ஆர்டர் போட்டு வரவழைக்கணும்” என்று பதில் வந்தால் அந்த மாடலை மறந்துவிடலாம். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, ஐ10 போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக இருக்காது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர்ஸ் தேடுபவர்களுக்கும் இவைதான் எளிதில் அகப்படும்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எஞ்சின் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க, ஐ10இல் 1.1 எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், 1.2 கப்பா எஞ்சினுக்கு டைமிங் செயின். ஸ்விஃப்ட் பெட்ரோலும் வேகன் ஆரும் 2010இல் கே சீரிஸ் எஞ்சினுக்கு மாறியபோது செயினுக்கு வந்தன. பெல்ட் வண்டி என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். “போன வருஷம்தான் மாத்தினோம்” என்ற வாய்வார்த்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து, செலவு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வரைக்கும் போய்விடும்.

டீசல் பற்றி ஒரு வார்த்தை. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் ஓடிய ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் நல்ல எஞ்சின், ஸ்பேர்ஸுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப் என்று வந்துவிட்டால் அது வாசலில் பார்க்கும் வேலை அல்ல. பள்ளிக்கூடம், கோயில், மாதம் ஒருமுறை ஊர் என்று ஓட்டும் குடும்பத்துக்கு டர்போ இல்லாத, மேனுவல் கியர் பெட்ரோல் வண்டியே போதும்.

சூடான எஞ்சினைப் பார்ப்பது

நீங்கள் போய்ச் சேரும்போதே வண்டி ஸ்டார்ட் ஆகி ‘ரெடியாக’ நிற்கிறதா? பானட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முந்தின இரவு முழுக்க நின்ற எஞ்சின்தான் உண்மை பேசும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். கூலண்ட் பச்சையோ சிவப்போ ஏதாவது ஒரு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துருநிறத் தண்ணீர் இருந்தால் வருடக்கணக்காக வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியில் வெளிர் பழுப்பாகக் குழம்பு போல ஒட்டியிருந்தாலோ ஹெட்டுக்கு அடியில் கூலண்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகம் வர வேண்டும். பிறகு வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது, எஞ்சினைப் பிரிக்கும் வேலை காத்திருக்கலாம். குளிர்ந்த காலையில் லேசான வெள்ளைப்புகை சிறிது நேரம் வருவது சகஜம். எஞ்சின் சூடான பிறகும் அது நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது.

ஏ.சி. போட்டு, நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கிறதா, வெப்பமானி ஓர் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெயிலில் இந்தச் சோதனையில் தோற்கிற வண்டிகள் நிறைய.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று நம்புவது

செக் எஞ்சின் விளக்கை அணைக்க ரிப்பேர் செய்ய வேண்டியதில்லை, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டை அழித்தாலே போதும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் அந்தக் குறியீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, ஃபோனில், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் ‘ரெடினஸ் மானிட்டர்’ பக்கத்தைத் திறங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லாமல், மானிட்டர்கள் எல்லாம் ‘சோதனை முடிவடையவில்லை’ என்று காட்டினால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

ஏர்பேக் விளக்கும் அப்படித்தான். சாவியைத் திருப்பியதும் எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். எல்லாக் கார்களுக்கும் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். ஆகவே அதற்கு முந்தைய வண்டி என்றால், ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்ஸும் உள்ள உயர் வேரியன்ட்டைத் தேடுங்கள். பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்பது நடக்காது, ஏர்பேக்கில் நீங்களே கை வைப்பதும் கூடாது.

வெள்ளமும் உப்புக் காற்றும்

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊர்களில் விற்றவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுற்றியிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக்கறை அங்கே இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், டேஷ்போர்டு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை போன்ற படிவு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒயரிங் கோளாறு ஒரு நாளில் வராது, ஒவ்வொன்றாக வரும்.

கடலோர ஊர் வண்டி என்றால் குனிந்து அடியைப் பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள பாக்ஸ், வீல் ஆர்ச், முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) உட்காரும் இடம் ஆகியவற்றில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. புதிதாகக் கருப்பு கோட்டிங் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பானட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. ‘டாக்டர் ஓட்டின வண்டி’ என்பது இதற்கெல்லாம் பதிலாகாது.

பேப்பரைக் கடைசியில் பார்ப்பது

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு லோன், இன்ஷூரன்ஸ், சலான் மூன்றையும் முதலிலேயே பாருங்கள். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் இருப்பதற்கான பதிவு) இருந்தால் வங்கி என்.ஓ.சி.யும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப்பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் உரிமையாளரே உங்கள் முன் கையெழுத்துப் போடட்டும். பதிவு 15 வருடத்துக்குத்தான், 2011 வண்டி 2026இல் புதுப்பிப்புக்கு வரும். 2022 ஏப்ரல் முதல் அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி.

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கெடுபிடி வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் இறங்குகின்றன. அந்த மாநில என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது.

கையிலிருப்பதை எல்லாம் வண்டியில் போடுவது

மூன்று லட்சம் இருந்தால் இரண்டரைக்கு வண்டி பாருங்கள். எஞ்சின் ஆயில், கூலண்ட், பிரேக் ஃப்ளூயிட், கியர் ஆயில், எல்லா ஃபில்டரும் வந்தவுடன் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். தடம் நன்றாக இருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

வீட்டில் வேறு வண்டி இல்லையென்றால், பெரிய வேலை எதையும் ஞாயிறு மதியம் ஆரம்பிக்காதீர்கள். ஒரு போல்ட் சுழன்றுகொண்டு வர மறுத்தால் திங்கள் காலை பிள்ளைகள் பள்ளிக்கு ஆட்டோ தேட வேண்டும். சனிக்கிழமை காலை ஆரம்பித்தால் கடை திறந்திருக்கும். முன் ஸ்ட்ரட்டை ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் பிரிக்கவே கூடாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அடியில் படுக்கப் போகிறீர்கள் என்றால் சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஜாக் ஸ்டாண்டில் வண்டியை இறக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.