பெர்மாங்கனேட் சமன்பாட்டில் ஐந்து எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது?

மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, "ஏன் ஐந்து?" என்று கேட்டாள். நானும் படிக்கும் காலத்தில் அதை மனப்பாடமாகவே எழுதியிருந்தேன். இரண்டு மாலைகள் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்ட வழி இது.

முதலில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண், அதாவது சேர்மத்தில் அந்த அணுவுக்குக் கணக்கிடும் மின்னூட்டம். பெர்மாங்கனேட் அயனியில் ஆக்சிஜன் நான்கு, ஒவ்வொன்றும் −2, ஆக −8. அயனியின் மின்னூட்டம் −1. எனவே மாங்கனீஸ் +7. மாங்கனேட் அயனியிலும் ஆக்சிஜன் நான்குதான். மேலே எழுதும் மின்னூட்டம் −2 என்பதால் அங்கே மாங்கனீஸ் +6. முன்னது ஊதா, பின்னது பச்சை. மேலே போடும் அந்தச் சிறு குறிதான் இரண்டையும் பிரிக்கிறது. நான் அதைச் சிவப்புப் பேனாவால் எழுதச் சொல்வேன். கணினியில் தட்டுவதைவிடக் கட்டம் போட்ட தாளே இதற்கு நல்லது.

அமில ஊடகத்தில் மாங்கனீஸ் +2 அயனியாகிறது. இடப்பக்க ஆக்சிஜன் நான்குக்கு வலப்பக்கம் 4 நீர். அந்த நீரின் ஹைட்ரஜனுக்கு இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி.

நான் தடுக்கி விழுந்தது இதற்கு அடுத்த இடத்தில். ஹைட்ரஜன் அயனிகளை எழுதுமுன்பே எலக்ட்ரானைச் சேர்த்து, மின்னூட்டம் ஒத்துவரவில்லையே என்று அடித்து அடித்து எழுதினேன். எலக்ட்ரான் கடைசியில்தான் வரவேண்டும். இப்போது எண்ணுங்கள்: இடப்பக்கம் −1 உடன் +8 சேர்ந்து +7. வலப்பக்கம் +2. இடப்பக்கத்தை +2 ஆக்க 5 எலக்ட்ரான் தேவை.

பெர்மாங்கனேட் அயனி + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → மாங்கனீஸ் அயனி + 4 நீர்

இந்த எலக்ட்ரான்களைத் தருவது பெர்ரஸ் அயனி (இரும்பு +2) என்றால், ஒவ்வொன்றும் தருவது ஒரே எலக்ட்ரான். அதனால் ஒரு பெர்மாங்கனேட் அயனிக்குப் பெர்ரஸ் அயனி 5 வேண்டும்.

ஆய்வகத்தில் அமிலத்துக்கு நீர்த்த கந்தக அமிலமே எடுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றம் செய்யும். அதனால் பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகி, பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாய்) அளவு கூடுதலாகக் காட்டும்.

பின்சேர்க்கை: அமிலம் சேர்க்காத கரைசலில் தனக்கு 3 எலக்ட்ரான்தான் வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கணக்கு சரிதான். நடுநிலை ஊடகத்தில் மாங்கனீஸ் +4 வரைதான் இறங்கி, மாங்கனீஸ் டைஆக்சைடாகப் படிகிறது. அங்கே 2 நீர் இடப்பக்கமும் 4 ஹைட்ராக்சைடு அயனி வலப்பக்கமும் வரும்; இருபுறமும் −4. பெர்மாங்கனேட் வைத்திருந்த பாத்திரத்தில் ஒட்டும் பழுப்புக் கறையும் இந்த டைஆக்சைடுதான். அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலில் அது கரைந்து போகும்.