பழைய வண்டி ஸ்டார்ட் ஆகலையா, மெக்கானிக்க கூப்பிடுறதுக்கு முன்னாடி இத பாருங்க

சிபி பாயிண்ட் (பிளக்ல பொறி வர்றதுக்காக கரண்ட்ட விட்டு விட்டு வெட்டுற சின்ன சுவிட்ச்) வெச்ச பழைய வண்டி வெச்சிருக்கவங்களுக்கு மட்டும். கிக்கர உதைச்சு உதைச்சு கால் வீங்கறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்க கழட்டி, ஒயர் நுனில இருக்கற கேப்லயே (மூடி) திரும்ப மாட்டி, பிளக்கோட இரும்பு பாகம் இன்ஜின் ஹெட்ல படுற மாதிரி வெச்சு ஒருக்கா உதைங்க (பிளக் ஓட்டைய விட்டு தள்ளியே வைங்க, பெட்ரோல் ஆவி பத்திக்கும்). நீலமா பளிச்சுனு பொறி வந்தா கரண்ட் ஓகே, கார்புரேட்டர் பக்கம் போங்க. மஞ்சளா சோம்பேறியா வந்தாலோ வரவே இல்லைனாலோ மொதல்ல வேற பிளக் போட்டு பாருங்க, அப்புறம் கேப்ப திருகி எடுத்து ஒயர் நுனில கால் இஞ்ச் வெட்டிட்டு திரும்ப மாட்டுங்க, உள்ள பச்சை பூத்திருக்கும், என் வண்டில ரெண்டு நாள் அலைஞ்சது கடைசில இதுக்குதான்!

அதுக்கும் மசியலையா, பாயிண்ட்ட நைஸ் எமரி ஷீட்டால தேச்சு பெட்ரோல் தொட்ட துணியால துடைங்க. பாயிண்ட் நல்லா தொறந்திருக்கறப்ப நடுவுல இடைவெளி 0.35 மி.மீ. பக்கம் இருக்கணும், அத அளக்கற கேஜ் இல்லைனா விசிட்டிங் கார்டு ஒண்ணு லேசா உரசிட்டு போனா போதும். தேச்ச பாயிண்ட் சீக்கிரமே திரும்ப கருகுதுன்னா கண்டன்சர் (பாயிண்ட்ல பொறி பறந்து கருகாம பாத்துக்கற சின்ன பாகம்) போயிருக்கும், மாத்திடுங்க.