கொழும்பில் ஒரு கிளாசிக் 350: பார்த்து வாங்குவதிலிருந்து முதல் ஒயில் மாற்றம் வரை

ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350ஐ இரண்டாம் கையாக வாங்கி, கொழும்புக்குள் ஓட நினைப்பவருக்கான விளக்கம் இது. மற்ற ஊர்களில் ஓடும் அதே பைக்தான். ஆனால் இங்கே அதைக் கெடுப்பவை இரண்டு: கடல் உப்பும், காலி நகருக்குப் போகும் பிரதான பாதையான காலி வீதியின் நெரிசலும். பராமரிப்பு முழுவதையும் இந்த இரண்டையும் மனதில் வைத்தே செய்யவேண்டும்.

படி 1: எந்த எஞ்சின் என்று பாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு வேறு எஞ்சின்கள் உள்ளன. 2021 நடுப்பகுதி வரை வந்தது 346 சிசி, ‘யூ.சி.ஈ.’ எனப்படும் பழைய வகை. 2021 செப்டெம்பரிலிருந்து வருவது 349 சிசி, ‘ஜே’ எனப்படும் புதிய வகை. அடையாளம் காண்பது சுலபம்: காலால் மிதித்து ஸ்டார்ட் பண்ணும் கிக்கர் இருந்தால் பழையது, இல்லையென்றால் புதியது. காகிதத்தில் வலு ஏறத்தாழ ஒன்றுதான். பழையதில் 19.8 குதிரைவலு, 28 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, புதியதில் 20.2, 27. ஓட்டும்போதுதான் வித்தியாசம் தெரியும். புதியதில் அதிர்வைக் குறைக்கும் பலன்சர் தண்டு உண்டு, எரிபொருள் ஊசி முறையில் போகிறது. பழையதில் பெரும்பாலானவை, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றர் பூட்டிய வண்டிகள்.

இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் விற்பனைக்குக் கூடுதலாகக் கண்ணில் படுவது பழைய வகை. அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. அதில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகும், எந்த கராஜிலும் திறக்கப் பயப்படமாட்டார்கள். உதிரிப்பாகம் வாங்கும்போது மட்டும் எந்த எஞ்சின் என்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டினதும் எஞ்சின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

படி 2: கடதாசி

பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சான்றிதழில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கிய கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்கவேண்டாம். ‘ஓப்பன் பேப்பர்’ என்று முன்னைய உரிமையாளரின் கையெழுத்தோடு கைமாறி வரும் வண்டிகளைத் தவிர்ப்பதே புத்தி. இடையில் ஓடியவர் செய்த விபத்தும் தண்டப்பணமும் யார் தலையில் விழும் என்று யாராலும் சொல்லமுடியாது.

வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ‘ஏ’ வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஏ1’ 100 சிசி வரைக்கும்தான். அதை வைத்துக்கொண்டு இதை ஓடினால் விபத்தின்போது காப்புறுதியும் கைவிரிக்கும்.

படி 3: குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பார்க்கப் போகும் முன் “வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு நாள் போங்கள்.

ஸ்டார்ட் பட்டனை அமத்தும்போது பழைய வகையில் ‘கரகர’ என்று பல் உரசும் சத்தம் வந்தால், அது ஸ்டார்ட்டரின் ஸ்பிராக் கிளச் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளச்) தேய்ந்ததன் அறிகுறி. பற்றரி பலவீனமாக இருக்கும்போதே திரும்பத் திரும்பப் பட்டனை அமத்துவதால் வரும் நோய் இது. எஞ்சினின் இடப்பக்கத்தைத் திறந்துதான் மாற்றவேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய பிறகும் பட்டன் இழுக்காவிட்டால் வற்புறுத்தாமல் கிக்கரை மிதியுங்கள்.

முதல் சில விநாடிகள் மேலே ‘டிக் டிக்’ என்று கேட்டு அடங்கினால் பிழையில்லை, ஒயில் மேலே ஏறுகிறது. சூடான பிறகும் நிற்காவிட்டால் வால்வுப் பக்கத்தில் வேலை இருக்கிறது. கீழிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்து, அக்சிலேற்றரைத் திருகும்போது கூடினால், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கொனெக்டிங் ரொட்டின் பெரிய பக்கம் போய்விட்டது. அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

புகையையும் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. பெரும்பாலும் காபரேற்றரோ ஏர் ஃபில்டரோதான் காரணம். காலையில் வந்து மறையும் வெள்ளை ஆவி வெறும் ஈரம்.

அடுத்து வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முன் சில்லைத் தூக்கி, ஹாண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் தட்டினால் ஹாண்டில் பெயரிங் தேய்ந்திருக்கிறது. சில்லுக் கம்பிகளைச் சிறு ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுகியது ‘டிங்’ என்னும், தளர்ந்தது மொட்டையாகக் கேட்கும். பெற்றோல் டாங்கியின் மூடியைத் திறந்து ரோச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் பாதி டாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் துரு நிச்சயம் இருக்கும். அந்தத் தூள்தான் பிறகு காபரேற்றரை அடைக்கிறது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். ‘2319’ என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ (தரையில் படும் வெட்டு) நன்றாக இருந்தாலும் பழைய ரயர் கல்லாகிவிடும், மழையில் பிடிக்காது.

படி 4: ஓடும் முன் 195 கிலோவைப் பழகுங்கள்

புதிய வகையின் எடை 195 கிலோ, பழையதும் அதற்குக் கிட்டத்தட்டத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது எடை தெரியாது. விழுவதெல்லாம் நின்றுகொண்டு திருப்பும்போதுதான். ஒழுங்கைக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டு, இடப்பக்கம் நின்று, வண்டியை உங்கள் இடுப்பில் லேசாகச் சாய்த்துத் தள்ளிப் பழகுங்கள். ஹாண்டில் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கும்போது முன் பிறேக்கைப் பிடிக்கவே கூடாது. அப்படிப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும்.

நடு ஸ்டாண்டில் ஏற்ற முதுகுபலம் தேவையில்லை. இடக்கையால் ஹாண்டிலையும் வலக்கையால் சீட்டுக்குக் கீழுள்ள பிடியையும் பிடித்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் ஒரே நேரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வலக்கால் மிதியில் உடம்பின் முழுப் பாரத்தையும் நேர்கீழே இறக்குங்கள். கையால் தூக்கினால் முதுகு போகும், வண்டியும் ஏறாது. மண் தரையிலோ வெயிலில் இளகிய தாரிலோ பக்க ஸ்டாண்ட் புதையும். ஒரு தட்டையான பலகைத் துண்டு போடுங்கள்.

படி 5: நெரிசலில் ஓட்டும் முறை

இது நீள ஸ்ட்ரோக் எஞ்சின், அதாவது பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்கும், இழுவை எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைக்கும். அதனால் பழகாதவர்கள் செய்யும் பிழை, 30இல் போகும்போதே ஐந்தாம் கியருக்கு ஏற்றிவிடுவது. எஞ்சின் ‘தடதட’ என்று திணறினால் ஒரு கியர் இறக்குங்கள். மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீற்றர் வரை முதல் கியர், 30 வரை இரண்டு, 45 வரை மூன்று, 60 வரை நான்கு. கொழும்புக்குள் ஐந்தாம் கியருக்குப் பெரிதாக வேலையில்லை.

காற்றில் குளிரும் எஞ்சின் என்பதால் நிற்கும்போதுதான் சுடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் நீண்ட சிவப்பு விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஊர்ந்து போகும்போது கிளச்சைப் பாதி பிடித்தபடியே இழுக்காமல், முன்னால் பத்தடி இடம் விட்டு, முதல் கியரில் கிளச்சை முழுதாக விட்டு உருளவிடுங்கள். பாதி கிளச் தட்டுகளை எரிக்கும், அந்தச் சூடு ஒயிலுக்குள்ளும் போகும். சூடேறிய வண்டியில் நியூட்றல் விழ அடம்பிடிக்கும். வண்டி முழுதாக நிற்கும் முன், கடைசி ஓரிரு மீற்றர் உருளும்போதே இரண்டாவதிலிருந்து மெல்லத் தட்டினால் விழுந்துவிடும்.

பிறேக்கை முன்னும் பின்னும் சேர்த்தே பிடியுங்கள், முன்னதில் பாரம் கூட. மழையில் மஞ்சள் கோடுகளும் பாதசாரிக் கடவையும் பஸ் நிறுத்தங்களின் டீசல் கசிவும் வழுக்கும். இடப்பக்கம் திடீரென வெட்டும் முச்சக்கர வண்டியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வெட்டை எதிர்பார்த்தே வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கண்டிக்குப் போவதென்றால் பழைய வீதிதான், கடுகண்ணாவை ஏற்றத்தில் மூன்றாவது கியர் போதும்.

பெற்றோல் 92 போதுமானது. இந்த எஞ்சின் இந்தியாவின் சாதாரண 91 பெற்றோலுக்கே செய்யப்பட்டது. 95 போட்டால் காசு போகும், வேறொன்றும் நடக்காது. காபரேற்றர் வண்டி என்றால் இரவில் பெற்றோல் டப்பை மூடுங்கள். மிதவை வால்வு சரியாக மூடாதபோது பெற்றோல் வழிந்து ஒயிலோடு கலக்கக்கூடும்.

சத்தத்துக்காக சைலன்சரை மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். பெற்றோல் கலவையைத் திருத்தாமல் மாற்றினால் எஞ்சின் கூடுதலாகச் சுடும், ‘பட் பட்’ என்று வெடிக்கும். பொலிஸும் நிறுத்தும். ஒரிஜினலை விடுங்கள்.

படி 6: உப்பைக் கழுவுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் ஒழுங்கைகளில் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை கழுவியே ஆகவேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் இரண்டு வாரம் தாங்கும். மரைன் டிரைவில் மாலைக்காற்றோடு ஓடிவந்தால் அன்றே ஈரத்துணியால் துடையுங்கள். துரு முதலில் பிடிப்பது சில்லுக் கம்பி, மட்காட்டின் உட்பக்கம், சைலன்சரின் மூட்டுகள், ஸ்டாண்ட் ஸ்பிரிங்.

எஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரும் கார் ஷம்பூவும் போதும். அமுக்கத் தண்ணீர் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் சில்லின் நடு, ஹாண்டில் தலை, ஹெட்லைட் கூடு ஆகியவற்றுக்கு நேராக அடிக்கவிடாதீர்கள். பெயரிங் கிறீஸ் வெளியே வந்து தண்ணீர் உள்ளே போகும். கழுவியதும் பத்து நிமிடம் ஓடிக் காயவிடுங்கள். குரோமுக்கு மெழுகு பூசலாம். கம்பிகளுக்குத் துருத்தடுப்பு எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். பிறேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையை மூடுவது உப்பைப் பொத்தி வைப்பதற்குச் சமம்.

வெள்ளம் நின்றால், சில்லின் நடுவுக்கு மேலே தண்ணீர் இருந்தால் திரும்பிவிடுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் போயிருந்தால் கொனெக்டிங் ரொட் வளையும். தள்ளிக்கொண்டு வந்து, பிளக்கைக் கழற்றி (பழைய வகையில் இரண்டு), தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் முயலவேண்டும்.

படி 7: செயின்

500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மழைநாட்களில் அதற்கும் முன்பே. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, துடைத்து, 90 நம்பர் கியர் ஒயிலை உட்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டாம். சில்லைக் கையால் சுற்றும்போது எஞ்சின் ஓடக்கூடாது. விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

தளர்வு, கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழுமாக 25 முதல் 30 மில்லிமீற்றர். சில்லைச் சுற்றிச் சுற்றி மிக இறுக்கமான இடத்தில் அளந்து பாருங்கள். தளர்வு கூடுதலாக இருந்தால் பின் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் ஒரே அடையாளத்துக்கு நகர்த்தி, திரும்ப இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் சில்லு கோணலாக ஓடி, பல்லைத் தின்னும். ‘சத்தம் வராமல் இறுக்கமாக’ வைக்கச் சொல்பவரை நம்பவேண்டாம். பின்னால் ஆள் ஏறி ஷொக் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், அந்த இழுவை கியர்பொக்ஸ் பெயரிங்கில் விழும்.

அப்படியே ரயர் காற்றையும் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு அடிப்பது பெற்றோல் செட் பழக்கம். பழைய வகையில் தனியாள் ஓடும்போது முன் 20, பின் 30 பி.எஸ்.ஐ. அளவு. கம்பிச் சில்லுக்கு உள்ளே ரியூப் உண்டு. பஞ்சரானால் வெளியிலிருந்து திரி செருகி ஒட்டமுடியாது.

படி 8: ஒயில்

தரம் 15டபிள்யூ50, டப்பாவில் மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான குறியீடான ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்கவேண்டும். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும், ஏனெனில் இதில் கிளச்சும் அதே ஒயிலில்தான் மூழ்கியிருக்கிறது. நெரிசலில் கிலோமீற்றர் ஏறாமலே ஒயில் சுட்டுப்போகும். அதனால் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதற்கு மாற்றுங்கள். இரண்டாம் கையாக வாங்கியவர்கள் காத்திருக்காமல் முதல் வாரமே மாற்றலாம்.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சினை இளஞ்சூடாக்கி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே உள்ள போல்ட்டைக் கழற்றி வடியவிடுங்கள். வடிந்த ஒயிலில் விரலை விட்டுத் தேயுங்கள். மாத்தூள்போல் மினுக்கம் பரவாயில்லை, நகத்தில் தட்டுப்படும் துண்டு வந்தால் கராஜுக்குப் போங்கள். ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையத்தையும் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். போல்ட் ஏறுவது அலுமினியத்தில். பலமாக இறுக்கிப் புரி கழன்ற வண்டிகள் கராஜ்களில் அடிக்கடி காணக்கிடைக்கும். ரோர்க் ஸ்பனர் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பனர்) இல்லாவிட்டால் கையால் முட்டவைத்து, சிறிய ஸ்பனரால் அளவாக இறுக்குங்கள்.

முதலில் கையேடு சொல்லும் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றுங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து, எஞ்சினில் ஒயில் அளவு காட்டும் கண்ணாடியைப் பாருங்கள். பிறகு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். பக்க ஸ்டாண்டில் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும். மேல்கோட்டைத் தாண்டினால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒயில் வரும்.

பழைய ஒயிலைப் போத்தலில் ஊற்றி சேவிஸ் நிலையத்தில் கொடுங்கள், வடிகானில் விடவேண்டாம். 50 கிலோமீற்றர் ஓடியதும் அந்தப் போல்ட்டையும் ஃபில்டர் மூடியையும் துணியால் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று திரும்பப் பாருங்கள். அதே கையோடு நம்பர் தகடு, மட்காட், சைலன்சர் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். அதிர்வில் முதலில் தளர்பவை அவைதான்.