களி கிளறும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ என்ன செய்யலாம் என்று யார் கேட்டாலும், நடை, யோகாவுக்கெல்லாம் முன்னால் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறீர்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பூமிக்கு அடியில் இருக்கும் பாறையிலிருந்து கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் அதையே குடித்தால் எலும்பைப் பிடிக்கும். கழுத்தைத் திருப்ப முடியாது, குனிய முடியாது, குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அந்த நிலைக்குப் போன எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வராமல் தடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. 2013ல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் பல வீடுகளில் காவிரித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் சமைக்க என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இது கூடவே கூடாது. சோறு வடித்தால் கொஞ்சமாவது கஞ்சியோடு போகும். களிக்கு ஊற்றிய தண்ணீர் முழுவதும் மாவுக்குள்ளேயே நிற்கிறது, அத்தனையும் வயிற்றுக்குப் போகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும். நாக்குக்கும் தெரியாது. “எங்க போர் தண்ணி தேனாட்டம் இருக்குது நர்சம்மா” என்று சொன்ன வீட்டிலேயே பிள்ளைகள் பல்லில் கறையைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடிக்கும் குடங்களில் இரண்டைச் சமையலுக்கென்று ஒதுக்குங்கள். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர்தான் என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்காது என்றே சொல்லலாம். முதல் மழையில் மாடியைக் கழுவ விட்டு, அடுத்த மழையைப் பிடித்து மூடி வைத்துக் காய்ச்சிக் குடிக்கலாம். அப்புறம், டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கடுந்தேநீர் குடிக்கிறவர்கள் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

சரி, களிக்கு வருவோம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பாலில் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சாப்பாட்டில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வதும் குறையும். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான தானியம் எனக்குத் தெரியவில்லை. ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். ஒரு கைப்பிடி நொய்யை அதில் குழைய வேகவிட்டு, மாவை நடுவில் மலையாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் குத்தி ஒரு குழி விடுங்கள். தீயைக் குறைத்து மூடி வையுங்கள். குழி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்து, பச்சை வாசனை போன பிறகுதான் கிளற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே மாவு மாவாக நிற்கும். ஈரக் கையில் தொட்டால் ஒட்டாமல் வர வேண்டும், அதுதான் பதம். கூட முருங்கைக்கீரையோ கொள்ளுக் கடைசலோ இருந்தால் போதும்.

சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் கவனியுங்கள். ராகி சாப்பிட்டால் சர்க்கரையே ஏறாது என்று சொல்வது உண்மையில்லை. அதுவும் மாவுதான். நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் வேகமாகவே ஏறும். ஒரு சிறிய உருண்டை, தட்டில் பாதி கீரையும் காயும், அவ்வளவுதான்.

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், 5 கிராமுக்குள். மாங்காய் ஊறுகாயில் இருப்பதும் கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். நடை வாரத்துக்கு 150 நிமிடம். காட்டு வேலை செய்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் கம்பெனிகளில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன்.

பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்ட வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்று காலையில் வைத்த சோற்றையே இரவுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். பேச ஆள் இருந்தால் இரண்டு வாய் கூடவே இறங்கும், மனசும் லேசாகும்.

30 வயது தாண்டியவர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தலைசுற்றல் நின்றுவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் பிரஷர் அடங்கியிருக்கிறது. மகள் வீட்டுக்குப் பத்து நாள் போவதாக இருந்தால், பலகாரம் கட்டுவதற்கு முன்னால் மாத்திரையை எண்ணிப் பையில் வையுங்கள்.