நைரோபிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

கென்யாவில் வேலை உறுதியானதும் முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அப்புறம் ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். அது இல்லாமல் விடுமுறைக்கு ஊர் திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஓடிவருகிறவருக்கு அது பெரிய வேதனை.

பெட்டியில் துணிகளைப் பாலிதீன் பையில் சுற்றாதீர்கள், 2017 முதல் அங்கே அதற்குத் தடை. ஸ்வெட்டர் கட்டாயம், நைரோபி கொடைக்கானலின் உயரத்தில் முக்கால்வாசிக்கு மேல் இருக்கிறது, ஜூலையில் நன்றாகவே குளிரும்.

இன்னொன்று, நேரக் கணக்கு. அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவார்கள். ‘சா மோஜா’ என்றால் சொல்லுக்குச் சொல் ஒரு மணி, ஆனால் நம் கணக்கில் காலை 7. பிளம்பர் ‘சா ம்பிலி’க்கு வருகிறேன் என்றால் 8 மணிக்கே கதவைத் திறந்து வையுங்கள். 6 கூட்டிக்கொண்டால் சரி.

சிம் வாங்கிய கையோடு, போனிலேயே பணம் அனுப்பவும் வாங்கவும் உதவும் எம்-பெசா கணக்கும் தொடங்கிவிடுங்கள். தக்காளி விற்கும் அம்மா வரை அதில்தான் பணம் வாங்குகிறார்.