3200 ராமுக்கு காசு குடுத்துட்டு 2400 வேகத்துல ஓட்டிட்டு இருக்காதீங்க

போன மாசம் உசிலம்பட்டில மாப்ள ஒருத்தன் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன், கல்யாண ஆல்பம் டிசைன் பண்றான், ரைசன் 5600ஜி ப்ராசஸர் போட்ட சிஸ்டம், தனியா கிராபிக்ஸ் கார்டு கெடையாது. "மச்சான், எட்டு ஜிபி எட்டு ஜிபின்னு ரெண்டு ஸ்டிக்கு, 3200 ராம்தான் போட்ருக்கேன், ஆனா இழு இழுன்னு இழுக்குதுடா"ன்னு ஒரே பொலம்பல். டாஸ்க் மேனேஜரத் தொறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரிய அமுக்குனா ஸ்பீடுன்னு போட்ட எடத்துல 2400ன்னு இருக்கு. ரெண்டு வருசமா இப்படியே ஓடிருக்கு, அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடைக்காரரும் பாக்கல இவனும் பாக்கல.

முக்காவாசிப் பேரு ஏமாறுறது இங்கதான். டப்பால 3200ன்னு போட்டுருந்தா சொருகுன ஒடனே 3200ல ஓடிரும்னு நெனச்சுக்கிறாய்ங்க. ஸ்டிக்குல இருக்குற ஒரு குட்டி சிப்புல ரெண்டு கணக்கு எழுதிருக்கும், ஒண்ணு ஜெடெக்குன்னு மெமரிக்கு தரம் வகுக்குற அமைப்பு சொன்னபடி எந்த போர்டுலயும் வம்பில்லாம ஓடுற வேகம், டிடிஆர்4 தலைமுறை ராம்ல அது பெரும்பாலும் 2133, 2400, 2666ன்னு இருக்கும், 1.2 வோல்ட்டு. இன்னொண்ணு கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணி டப்பால போட்ட வேகம், அதுக்குண்டான டைமிங் (ராம் பதில் குடுக்க எடுத்துக்குற இடைவெளி), பொதுவா 1.35 வோல்ட்டு. போர்டு பயந்தாங்கொள்ளி, மொத கணக்கத்தான் எடுக்கும். ரெண்டாவத எடுன்னு நாமதான் பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டு செட்டிங்குக்குள்ள, போயி சொல்லணும், ஆன் பண்றப்ப டெலீட் இல்லன்னா எஃப்2வ தட்டுனா உள்ள போயிரலாம். இந்த ரெண்டாவது கணக்கத்தான் ப்ரொஃபைல்னு சொல்றது, இண்டெல் போர்டுல எக்ஸ்எம்பின்னு இருக்கும், ஏஎம்டி போர்டுன்னா ஆசஸ்காரன் டிஓசிபிம்பான் எம்எஸ்ஐகாரன் ஏ-எக்ஸ்எம்பிம்பான், அதே ஏஎம்டில டிடிஆர்5க்கு எக்ஸ்போன்னு பேரு, வேலை என்னமோ ஒண்ணுதான். ஆன் பண்ணி எஃப்10 அடிச்சு சேவ் பண்ணா முடிஞ்சுச்சு.

சில பேரு அந்த ப்ரொஃபைலத் தொடாம வேகத்த மட்டும் கையால 3200ன்னு மாத்தி விட்ருவாய்ங்க, வோல்ட்டு 1.2லயே கெடக்கும், சிஸ்டம் எந்திரிக்காது, ராம் போச்சுன்னு கடைக்கு ஓடுவாய்ங்க. ப்ரொஃபைலாவே எடுங்க, வோல்ட்டு டைமிங் எல்லாம் சேந்து வரும்.

அடுத்தது ஸ்லாட்டு. நாலு ஸ்லாட்டு போர்டுல ரெண்டு ஸ்டிக்க பக்கத்து பக்கத்துல சொருகிட்டா பெரும்பாலும் ரெண்டும் ஒரே சேனல்ல, அதாவது ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவுல இருக்குற ஒரே பாதைல, போயி உக்காந்துக்கும். ப்ராசஸர் பக்கத்துலருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும், இதான் அனேகமா எல்லா போர்டுலயும் சரியான எடம், சந்தேகம்னா போர்டு டப்பால வர்ற புக்குல படமே போட்ருப்பாய்ங்க. 3200 ராம் ஒரு சேனல்ல நொடிக்கு 25.6 ஜிபி தூக்கும், ரெண்டு சேனல்னா 51.2, அதனால ஸ்பீடு 3200ன்னு காட்டுனாலும் எடம் தப்புன்னா பாதி போச்சு. மாப்ள மாதிரி ப்ராசஸர்ல இருக்குற கிராபிக்ஸ வச்சு ஓட்டுறவய்ங்களுக்கு இது ரொம்ப உறைக்கும், ஏன்னா அந்த கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கெடையாது, இதே ராமத்தான் பங்கு போட்டுக்குது.

சிபியு-இசட்னு சிஸ்டம் வெவரம் காட்டுற சாப்ட்வேர போட்டுப் பாத்துட்டு 1600தான் காட்டுது ஏமாத்திட்டாய்ங்கன்னு கடைல போயி சண்டை போட்றாதீங்க. டிடிஆர்னாலே ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவ டேட்டா போகும், 1600ன்னா 3200ன்னு அர்த்தம்.

வாங்குறதுக்கு முன்னாடி போர்டையும் ப்ராசஸரையும் பாருங்க. எச்410 போர்டுல ஐ5 10400 ப்ராசஸர் போட்டுட்டு 3200 ராம் வாங்குனா 2666தான், பயாஸ்ல தலைகீழா நின்னாலும் ஏறாது. அப்பறம் பழைய ஸ்டிக்கோட வேற ஸ்டிக்க சேத்தீங்கன்னா எது மெதுவோ அது வேகத்துக்குத்தான் எல்லாம் ஓடும். டிடிஆர்5ல நாலு ஸ்டிக்கு போடுறது இன்னும் மோசம், ரைசன் 7000க்கு ஏஎம்டியே ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலுக்கு 3600ன்னுதான் சொல்லிருக்கான். 32 ஜிபி வேணும்னா மொதல்லயே பதினாறு பதினாறா ரெண்டு வாங்கிருங்க.

டிடிஆர்5 போட்டு மொத தடவ ஆன் பண்றப்ப ஸ்கிரீன் சில நிமிசம் கருப்பாவே நிக்கும், போர்டு புது ராமப் பழகிட்டு இருக்கு, பதறிப்போயி ஸ்விட்ச அமத்திராதீங்க, கீழ எறங்கிப் போயி ஒரு ஜிகர்தண்டா குடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும்.

ப்ரொஃபைல ஆன் பண்ணதோட விட்றாதீங்க, மெம்டெஸ்ட்86ங்குற ராம் டெஸ்ட் பண்ற சாப்ட்வேர பென்டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விடுங்க, யுபிஎஸ் இருந்தா நல்லது, நம்ம ஊரு கரண்ட நம்ப முடியாது. ஒரு எரர் வந்தாலும் ஆபத்துதான், ஆல்பம் ஃபைலே கெட்டுப்போகலாம், 3200ல நிக்கலன்னா 3000க்கு எறக்கி மறுபடியும் டெஸ்ட் பண்ணுங்க.

மாப்ள சிஸ்டத்துல ஸ்டிக்கு ரெண்டும் மொத ரெண்டு ஸ்லாட்டுல இருந்துச்சு, மாத்திப் போட்டு ப்ரொஃபைல ஆன் பண்ணி 3200ஐ கண்ணுல காட்டிட்டுத்தான் வந்தேன். பத்து நாள் கழிச்சு போன் போட்டு "மறுபடியும் 2400க்குப் போயிருச்சு மச்சான், தேதியும் தப்பாக் காட்டுது"ங்குறான். பயாஸ் அப்டேட் பண்ணாலும் செட்டிங் போயிரும், ஆனா தேதியும் சேந்து போச்சுன்னா அது போர்டுல செட்டிங்கையும் தேதியையும் காப்பாத்துற 2032 பட்டன் பேட்டரி தீந்ததுதான். வாங்கி மாத்துடான்னேன்.