குல்மர்க்கில் தனியாகப் பனிச்சறுக்கு: முதன்முறை போகிறவர்களுக்கு

கூட வருகிறேன் என்ற நண்பர்கள் கடைசி வாரத்தில் கழன்றுகொண்டாலும் காஷ்மீரின் குல்மர்க்குக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். பனிச்சறுக்கு பழகத் தனியாகப் போவது நல்லதுதான். பத்து தடவை விழுந்தாலும் உங்களுக்காக யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. ஆனால், மலையில் யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்பதை ஊரிலிருந்தே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

1. துணை

இரண்டு வாரம் விடுப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் குல்மர்க்கிலேயே இருக்கிறது. அங்கே 14 நாள் அடிப்படைப் பயிற்சியில் தங்குமிடம், சாப்பாடு, கருவிகள், பயிற்சியாளர் எல்லாம் கட்டணத்தில் அடக்கம். உங்களைப் போலவே தனியாக வந்தவர்களும் அந்தக் குழுவில் இருப்பார்கள்.

நான்கைந்து நாள்தான் என்றால் நாள் கணக்கில் ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், கருவி வாடகையும் சேர்த்தா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் கடைசி நாட்களில் பிடியுங்கள், முதல் இரண்டு நாளில் வேண்டாம்.

2. பயணம்

ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. பனி கொட்டினால் வழியில் இருக்கும் தங்மர்க்குக்கு மேலே சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிதான் ஏறும். நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. தனியாகப் போகிறவர் கட்டாயம் போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

3. பூட்ஸ்

வாடகைக் கடையில் அவசரப்படாதீர்கள். மெல்லிய காலுறை ஒன்று போதும். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்ததும் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் சின்ன அளவு கேளுங்கள். எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். விழும்போது பூட்ஸில் மாட்டிய சறுக்குப் பலகை எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைப்பார்கள்.

4. முதல் சரிவு

கீழே இருக்கும் சின்னச் சரிவுகளிலேயே தொடங்குங்கள். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, பீட்சா துண்டு போல வைத்தால் வேகம் குறையும். அப்புறம் எழுந்திருப்பதைப் பழகுங்கள். விழுந்ததும் இரண்டு பலகைகளையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே வையுங்கள். ஓரங்கள் பனியில் பதிந்ததும், மேல்பக்கக் கையை ஊன்றி எழலாம். பலகை கீழ்நோக்கி இருக்கும்போது எழ முயன்றால் மறுபடியும் வழுக்கிக்கொண்டுதான் போவீர்கள். எனக்கு இது பிடிபடவே ஒரு காலைப்பொழுது ஆனது. பிடிபட்ட பிறகு பயம் பாதி போய்விட்டது.

5. கொண்டோலா

மலைமேல் ஏற்றிவிடும் கேபிள் கார்தான் கொண்டோலா. அதன் முதல் கட்டம் கொங்தூரி வரை. பயிற்சியாளர் சரி என்றால் அதுவரை போகலாம். இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடும். அங்கே சீர் செய்த பாதை கிடையாது. அந்த மலைச்சரிவுகளில் 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் மேலிருந்து சரிந்து வந்த பனியில் சிக்கி உயிரிழந்தார்கள். புதியவர்கள் மேலே போய்க் காட்சியைப் பார்த்துவிட்டு அதே கொண்டோலாவில் இறங்கிவிடுங்கள்.

தினமும் அறையிலிருந்து கிளம்பும்போது எந்தச் சரிவுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஹோட்டல்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் வந்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.